ஐந்தின் கொடியில் இரண்டு கீறல்

நான் அந்தக் கணினிக் கோப்பைக் கொடுத்தது இரண்டே பேருக்கு. இரண்டு பேருக்கும் பொறி வைத்துத்தான் கொடுத்தேன்.

கோப்பில் இருந்தது ஓர் எழுத்துரு. நான் செய்தது. பெயர் கிரித்தோனா. எதற்கெடுத்தாலும் கத்துகிறவளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் எனக்கும் அதே பட்டம். தடித்த பிரஷ்ஷை மையில் முக்கி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். முன்னால் சாய்ந்து, அடுத்த எழுத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஓடும். எங்கள் ரெசிஃபி நகரில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் மஞ்சள் தாளில் சிவப்பும் கறுப்புமாக ‘கோழிக்கால், இன்று மட்டும்’ என்று காதைப் பிடித்துத் திருகுமே, அந்த இனம்.

அந்தத் தாள்களை நான்கு வருஷம் எழுதியிருக்கிறேன். விடிந்ததிலிருந்து மதியம் வரை ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மேஜை போட்டு. அதன் பிறகு இரண்டு பஸ் மாறிப் பல்கலைக்கழகம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வகுப்பில் மற்றவர்கள் ஐரோப்பா போனபோது எடுத்த கடைப் பலகைப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் நகக்கண்ணில் சிவப்பு மை இருந்தது. அதை அப்போது யாரும் படம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள். ‘மக்கள் எழுத்து’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

சாவ் பாவ்லோவில் எழுத்துரு விற்கும் நிறுவனம் ஒன்று கிரித்தோனாவை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. என் பெயரில் வெளியிடுவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான், என் பெயர். நிபந்தனை இரண்டு. எழுத்துரு இதற்கு முன் வெளியே போயிருக்கக் கூடாது. முழுக்க என் கையில் பிறந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மே மாதக் கடைசி வரை நேரம்.

சோதித்துப் பார்க்காமல் எழுத்துருவைக் கொடுக்க முடியாது. அதனால் ஒரு பிரதி புரொபசர் துலியோவுக்கு. என் ஆய்வுக்கு வழிகாட்டி. ஒரு கருத்தரங்கில் என் வேலையைத் திரையில் போட்டு ‘நாங்கள் செய்தது’ என்று சொன்ன ஆள். இருந்தாலும் நிறுவனம் கேட்ட பரிந்துரைக் கடிதத்தை அவர்தான் எழுத வேண்டும். இன்னொரு பிரதி ஜிவனில்டோவுக்கு. என்னோடு பள்ளியில் படித்தவன், காசா அமரேலா சந்தைக்குப் பக்கத்தில் அச்சுக்கடை வைத்திருக்கிறான். காகிதத்தில் வந்தால்தான் எழுத்தின் குணம் தெரியும்.

பொறியை ஐந்தில் வைத்தேன். 5 என்ற எண்ணின் தலையில் ஒரு கொடி பறக்கும் இல்லையா? எல்லாரும் அதை வலப்பக்கம் இழுத்து விட்டுவிடுவார்கள். என்னுடையது வலப்பக்கம் போய், கடைசியில் மேலே திரும்பி ஒரு கொக்கி போடும். அந்தக் கொக்கியில், மை தீர்ந்து பிரஷ் காய்ந்ததுபோல ஒரு வெள்ளைக் கீறல். புரொபசரின் பிரதியில் அதை இரண்டு கீறலாக்கினேன். ஜிவனில்டோவின் பிரதியில் மூன்று. வெளியே எங்காவது கண்ணில் பட்டால் எண்ணிப் பார்த்தால் போதும், கொடுத்தது யார் என்று தெரிந்துவிடும். துலியோவுக்குக் கொடுத்த பென் டிரைவை உறையில் போட்டு, நாடா ஒட்டி, நாடாவின் மேல் குறுக்கே கையெழுத்தும் போட்டேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

ஜிவனில்டோ மறுநாளே கூப்பிட்டான்.

"ஜசி, உன் எழுத்துல ஒரு சாவு அறிவிப்பு அடிச்சுப் பார்த்தேன்."

"சாவு அறிவிப்புக்கு யாருடா அதை எடுப்பா?"

"சும்மா பார்ப்போமேன்னுதான். செத்தவரு தள்ளுபடியில கிடைக்கிற மாதிரி இருக்காரு."

"அது விலைக்கு, கச்சேரிக்கு, மதியச் சாப்பாட்டுப் பலகைக்கு. அவ்வளவுதான். சின்னதா அடிச்சா கீறல் அடைச்சுக்கும். எல்லாத்தையும் கேப்பிடல் எழுத்துலயே அடிச்சா கை கோத்துக்காது, தனித்தனியா நின்னு முறைச்சுக்கும். அது சரி, யாருக்கும் காட்டலியே?"

"செத்தவருக்கு மட்டும்தான் காட்டினேன்."

சிரித்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்ததாகப் பட்டது. மனதில் குறித்துக்கொண்டேன்.

மே மாதம் இரண்டாவது வாரம். நாள் முழுக்க மழை. மக்கஷேரா நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மூடிக் கிடக்கும் துணி ஆலையின் நீளச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, ஒரு பாட்டுக் கச்சேரிக்கு விளம்பரம் எழுதியிருந்தார்கள். ஆளுயர எழுத்து. சிவப்பு, ஓரத்தில் கறுப்பு நிழல். அதில் தேதி 25. ஐந்தின் கொடி வலப்பக்கம் போய், மேலே திரும்பி, கொக்கி போட்டிருந்தது.

மணியை அடித்து இறங்கினேன். சுவரின் மீதிப் பாதியை ஒரு லாரி மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மீதி தேவையில்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஐந்தை மட்டும் படம் எடுத்தேன். கொக்கியில் கீறல். எண்ணினேன். ஒன்று, இரண்டு.

துலியோ!

கோப்பு எப்படிச் சுவருக்கு வரும் என்று யாராவது கேட்கலாம். சுலபம். எழுத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, ஓரம் நெடுகக் குத்தூசியால் துளை போட்டு, தாளைச் சுவரில் ஒட்டிக் கரித்தூளைத் தட்டினால் புள்ளி புள்ளியாக இறங்கிவிடும். புள்ளியைப் பார்த்து வர்ணம் அடிக்க வேண்டியதுதான். கீறல்கூட அப்படியே வரும்.

மறுநாள் பல்கலைக்கழக நடைபாதையில் அவரைப் பிடித்தேன். காபிக் கோப்பையோடு நான்கைந்து மாணவர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"சார், என் எழுத்தை யாருக்குக் குடுத்தீங்க?"

"ஜசியாரா, உள்ள போய்ப் பேசலாமா?"

"எதுக்கு? மேடையில ‘நாங்கள்’னு சொன்னது எல்லார் முன்னாடியும்தானே. இதையும் எல்லார் முன்னாடியும் பேசுவோம்."

போனை நீட்டினேன். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். "அழகா இருக்கே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ரெண்டு கீறல் உங்க பிரதியில மட்டும்தான் இருக்கு. வேணும்னுதான் போட்டுக் குடுத்தேன்."

மாணவர்களில் ஒருத்தி போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். புரொபசர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் என் உறை. நாடா அப்படியே இருந்தது. நாடாவின் மேல் என் கையெழுத்தும் அப்படியே இருந்தது.

"நேரம் கிடைக்கலம்மா" என்றார்.

"கடிதம்? நிறுவனத்துக்கு எழுதின கடிதம்?"

"போன வாரமே அனுப்பிட்டேனே. நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

பார்க்காமலே பாராட்டியிருக்கிறார். திருடியிருந்தால்கூட எழுத்துருவைத் திறந்தாவது பார்த்திருப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. கேட்டேன். ஆனால் நாடாவை நகத்தால் ஒரு தடவை கீறிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸின் இரண்டு பக்கமும் சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் பேட்டையான வாஸ்கோ ட காமாவின் ஏற்றத்தில் இன்னொரு சுவர், இன்னொரு கச்சேரி. ஜூன் 15. அதே கொக்கி. இறங்கி எண்ணினேன். மூன்று கீறல்.

நேரே அச்சுக்கடைக்குப் போனேன். ஜிவனில்டோ கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வறுத்த கோழி உருண்டை தின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"மதியச் சாப்பாடா? பிறந்ததுலேர்ந்து."

"விளையாடாதே. சுவர் எழுதுறவனுக்கு என் கோப்பை வித்துட்டே. மூணு கீறல் உன் பிரதி."

தின்பதை நிறுத்தினான். "எனக்குன்னு தனியா அடையாளம் போட்டுக் குடுத்தியா?"

"ஆமா."

"இருபது வருஷமா ஒரே தெருவுல இருக்கோம், ஜசி."

"தெரு திருடாதா?"

அவன் முகம் சுருங்கியது. விரல்களைத் துடைத்துக்கொண்டு, "முதல் சுவரைக் காட்டு" என்றான். போனைக் கொடுத்தேன். பெரிதாக்கினான், சின்னதாக்கினான்.

"இதுல ரெண்டு கீறல்தானே? இது என்னோடது இல்லியே."

"அது புரொபசரோடது."

"புரொபசர் உறையைத் திறக்கவே இல்லன்னு மூணு பேரு வீடியோ அனுப்பிட்டாங்க. இந்நேரம் ஊர் பூரா பார்த்திருக்கும். சரி, சுவரோட மீதி எங்க?"

"லாரி நின்னுச்சு."

"கிளம்பு."

அவன் பைக்கில் ஆலைச் சுவருக்குப் போனோம். லாரி இல்லை. தேதி முழுதாகத் தெரிந்தது: 25/05. முதல் ஐந்தில் இரண்டு கீறல். இரண்டாவது ஐந்தில் மூன்று.

ஜிவனில்டோ கைகட்டி நின்றான். "ஒரே எழுத்துரு, ஒரே சுவரு. ஒரு ஐந்துல ரெண்டு, இன்னொண்ணுல மூணு. என் மெஷின் இப்படி அடிக்காது. உன் கம்ப்யூட்டர் அடிக்குமா, பட்டதாரியே?"

அடிக்காது. ஒரு கோப்பில் ஓர் ஐந்துதான். நூறு தடவை அடித்தாலும் அதே ஐந்து. விலைத்தாள் எழுதிய நான்கு வருஷத்திலேயே படித்திருக்க வேண்டிய பாடம் இது: கை எழுதினால் இரண்டு ஐந்து ஒன்றாக இருக்காது. என் பொறியை நானே நம்பி, எண்ண வேண்டியதை மட்டும் எண்ணி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டிருந்தேன். கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். ஒரு கரிப்புள்ளிகூட இல்லை. இது பிரஷ் போட்ட கீறல்.

"மன்னிச்சிரு" என்றேன்.

"நாளைக்கு யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

சுவரின் மூலையில் ‘பியூ எழுத்து’ என்று போட்டு ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். வாடிக்கையாளர் மாதிரிப் பேசினேன். அந்த ஐந்து எனக்குப் பிடித்திருக்கிறது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஐந்தா? எழுதணும்னா எழுதலாம். எடுத்ததுன்னு ஏன் சொல்றே? நீ யாரு? கச்சேரிக் கம்பெனியா?"

மறுநாள் விசாரித்து, அவன் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். முழுப்பெயர் செவெரினோ. எங்கள் பக்கத்தில் எல்லா செவெரினோவும் பியூதான். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். சாயம் தெறித்த கால்சட்டை, தலையில் கோழித்தீவன விளம்பரத் தொப்பி. ஏணியில் நின்று ஒரு தேவாலயத்தின் நன்றிப் பெருவிழாவுக்கு எழுதிக்கொண்டிருந்தான். கச்சேரிக்கு அலறிய அதே எழுத்து இங்கே கர்த்தருக்காக அலறிக்கொண்டிருந்தது.

நான் யார் என்று சொன்னேன். பொய் சொல்லி நேரத்தை வீணாக்குவானேன்.

"ஓ, டாக்டரம்மாவா!" என்றான் மேலிருந்தே. "வாத்தியாரை நடைபாதையில நிக்க வச்ச பொண்ணு. வீடியோ பார்த்தேன். இப்ப என் முறையா?"

"அந்தக் கொக்கியை எங்க பார்த்தீங்க?"

"எங்க பார்க்கணும்? கை போடுது." ஏணியிலிருந்து கையை முழுக்க நீட்டிக் காட்டினான். "இங்க நின்னு எழுதுறேன். கொடியை இழுத்துக்கிட்டே போறேன். இதுக்கு மேல கை எட்டாது. இறங்கி ஏணியைத் தள்ளிப் போட சோம்பேறித்தனம். மணிக்கட்டைத் திருப்பி மேல விட்டுருவேன். அதுதான் கொக்கி. பிரஷ்ல நடுவுல ரோமம் கொட்டிப்போச்சு, அதான் கீறல். வாங்குற புது பிரஷ்ஷெல்லாம் ஆறு மாசத்துல இப்படித்தான் ஆகுது."

நான் என் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"நீ எங்க வச்சு எழுதின?"

"மேஜையில."

"மேஜையிலயா? கை எட்டாம போக அங்க என்ன இருக்கு? உன் கை ஏன் திரும்பணும்?"

தாள் நேரே வயிற்றுக்கு முன்னால் கிடக்கும். கொடியை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். திரும்ப ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் சூப்பர்மார்க்கெட்டில் எழுதிய முதல் வாரத்திலிருந்தே என் ஐந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா இப்படி எழுதுறீங்க?"

"இருபது ஆகும். முதல்ல எழுதினது ஐந்து நட்சத்திரம் டயர் கடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ல. கடைக்காரன் கஞ்சன், பத்து வருஷம் சுண்ணாம்பே அடிக்கல."

அந்த பஸ் நிறுத்தத்தில் பதினோரு வயதிலிருந்து பதினைந்து வயது வரை, பள்ளி விட்டு தினமும் நின்றிருக்கிறேன். பஸ் லேசில் வராது. எதிரே பார்க்க வேறு எதுவும் கிடையாது. கடைச் சுவரில் முதல் எழுத்தே ஓர் எண்தான். ஆளை விடப் பெரிய சிவப்பு ஐந்து.

"நீங்க ஆதாரம் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"சுவரை இடிச்சுட்டு மருந்துக்கடை கட்டிட்டாங்க. நீ சொல்றதுதான் இனிமே ஆதாரம்."

வீட்டுக்கு வந்து ஐந்தை மாற்றி வரைந்தேன். கொடியை நேரே விட்டேன். பத்து நிமிஷ வேலை. நான்குக்கும் ஆறுக்கும் நடுவே அது வாடகைக்கு வந்தவன் போல நின்றது. அழித்தேன். பழைய ஐந்தையே வைத்து, முழுக்க என் கையில் பிறந்தது என்று கையெழுத்தும் போட்டிருக்கலாம். பியூ சாவ் பாவ்லோ வரை போய்ச் சண்டை போடப் போவதில்லை. யாருக்கும் தெரியாது. படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘முழுக்க’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் துலியோ மேடையில் ‘நாங்கள்’ என்றது காதில் விழுந்தது.

கடைசியில் உண்மையை எழுதி அனுப்பினேன். ஐந்து மட்டும் செவெரினோ என்கிற பியூவின் சுவரிலிருந்து வந்தது, மற்றவை என்னுடையவை. நிறுவனம் அன்றே பதில் போட்டது. அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். பெயர், அடையாள எண், கையெழுத்து. முப்பத்தோராம் தேதிக்குள் வராவிட்டால் எழுத்துருவைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

பியூவிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். தொடவே இல்லை.

"பேரு, அடையாள எண்ணு, கையெழுத்து. இதைக் கேட்டுட்டு ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டு வந்தா எங்க தெருவுல அதுக்கு மோசடின்னு பேரு."

"நான் சிரிக்கலியே."

"அது இன்னும் மோசம். என் தம்பி இப்படி ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டான். பைக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, இப்ப நடந்து போறான்."

"படிச்சுப் பாருங்க. உங்க பேரும் போடுவாங்க."

"எதுக்கு? ஒரு ஐந்துக்கு யாராவது பேரு போடுவானா? உள்ள வேற என்னமோ இருக்கு. வாத்தியாரையே நம்பாத பொண்ணை நான் எதுக்கு நம்பணும்?"

நியாயமான கேள்வி. எனக்கே என்னை நம்பத் தோன்றவில்லை. மூன்று நாள் போனேன். இருபத்தொன்பதாம் தேதி, என் நச்சரிப்பு தாங்காமல், கையில் இருந்த பிரஷ்ஷால் என்னைச் சுட்டினான்.

"தாள்ல மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சுவத்துல சொல்றேன். சுவத்துல எழுதினா எல்லாரும் படிப்பாங்க, நீ ஒரு வரியைச் சேர்த்தாலும் தெரிஞ்சுபோகும்."

ஆலைச் சுவரில் கச்சேரி முடிந்துபோயிருந்தது. அடுத்த கச்சேரி வரும் வரை அந்தச் சுவரைக் கேட்க ஆள் இல்லை. பியூ ஒரு பட்டைக்கு வெள்ளை அடித்து, காய விட்டு, மறுநாள் காலையில் ஏணியைச் சாத்தினான். நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒழுங்கா புடி, டாக்டரம்மா. உன்னை நம்பி ஏறுறேன்னு நினைச்சுக்காதே. ஏணிக் காலுக்கு ரெண்டு மூட்டை மணல் முட்டுக் குடுத்திருக்கேன்."

வெறும் கையால், ஒரு கோடுகூடப் போட்டுக்கொள்ளாமல் எழுதினான்:

‘வாஸ்கோ ட காமா ஜசியாரா இந்த 5-ஐ என்னைக் கேட்டு எடுத்துக்கொண்டாள். மற்றது அவளுடையது. ஏமாற்றினால் அதையும் இங்கேயே எழுதுவேன். பியூ.’

சிவப்பு, கறுப்பு நிழல். எழுத்துகள் தோளில் கைபோட்டு ஓடின. ஐந்து வந்தபோது கை எட்டாத இடத்தில் மணிக்கட்டு திரும்பியது. நான் கீழே நின்று பார்த்தேன். இந்த முறை கீறல்களை எண்ணவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். நிறுவனத்தின் வக்கீல் சுவர் யாருடையது என்று கேட்டார். தெரியாது என்றேன். எழுதியவர் இவர்தான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் நான் எடுத்திருந்த, அவன் எழுதும் வீடியோவை அனுப்பினேன். முப்பத்தோராம் தேதி மதியம் வரை பதில் இல்லை. மூன்று மணிக்கு ஒரு வரி வந்தது. ஏற்கிறோம். எழுத்துரு: ஜசியாரா. எண் 5: பியூ.

அதை நான்காவது தடவை படித்து, இதில் எங்கே சூது இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா. வேலை விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஜனக் கூச்சல்.

"அடியே, ஆலைச் சுவத்துல உன் பேரு! கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி எழுதி வச்சிருக்கான். பஸ்ஸே எட்டிப் பார்க்குது. யாரு அந்த பியூ? அவன்கிட்டேர்ந்து என்னத்தை எடுத்தே?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஐந்து."

"ஐந்து என்ன?"

"வெறும் ஐந்து."



"வீட்டுக்கு வர்றேன்" என்றாள் அம்மா. "உண்மையைச் சொல்லு."